அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டியில் குடியேறுகிறீர்களா? மின்சாரம், கிணறு, செப்டிக், கேஸ் ஏற்பாடுகள்

நகரத்தில் அப்பார்ட்மென்ட் மாறினால் அரை மணி நேரத்தில் ஆன்லைனிலேயே எல்லா இணைப்புகளையும் முடித்துவிடலாம். கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. நகராட்சி எல்லையைத் தாண்டிய அதன் பகுதியில் அந்த வசதி கிடையாது. வீட்டுக்குள் வரும் தண்ணீரும் வெளியேறும் கழிவுநீரும் பெரும்பாலும் வீட்டுக்காரரின் பொறுப்பு. குடிபோவதற்கு மூன்று வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். விதிகள் கவுண்டிக்குக் கவுண்டி மாறும் என்பதால், கட்டணங்களையும் அனுமதிகளையும் உள்ளூர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 1: 911 முகவரியை உறுதி செய்யுங்கள்

எல்லோரும் மின்சாரத்தில் தொடங்குவார்கள். முதலில் முடிக்க வேண்டியது முகவரி: அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தால் உதவி தேடி வரும் முகவரி. புது வீடு என்றால் கவுண்டியின் முகவரிப் பிரிவுதான் எண் ஒதுக்கும். பழைய வீடு என்றாலும் அந்த எண் 911 பதிவில் சரியாக இருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். மின்சாரம், இணையம், காப்பீடு எல்லாமே இந்த முகவரியை வைத்துத்தான் நகரும்.

சாலையோரத்தில், இருபக்கமிருந்தும் தெரியும்படி, குறைந்தது 4 அங்குல உயர ஒளி எதிரொளிக்கும் எண்களைப் பொருத்துங்கள். செல்போன் சிக்னல் கிடைக்காமல் வீட்டு இணையம் வழியே பேசும் வைஃபை காலிங்கை நம்பியிருப்பவர்கள், போன் செட்டிங்கில் அவசர முகவரியைப் புதிய வீட்டுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் 911 அழைத்தால் ஆம்புலன்ஸ் பழைய வீட்டுக்குப் போக வாய்ப்புண்டு.

படி 2: மின்சாரம்

பல கிராமப்புறப் பகுதிகளில் மின்சாரம் தருவது கூட்டுறவுச் சங்கம். 1936ஆம் ஆண்டின் ஊரக மின்மயமாக்கல் சட்டத்தின் கடனுதவியால் வளர்ந்தவை இவை. வாடிக்கையாளராகச் சேர்வதென்றால் உறுப்பினராகச் சேர வேண்டும். உறுப்பினர் கட்டணமும், கிரெடிட் நிலையைப் பொறுத்து டெபாசிட்டும் கேட்பார்கள். விண்ணப்பிக்கும்போது மீட்டர் எண்ணைக் கையில் வைத்திருங்கள். வீடு நீண்ட நாள் பூட்டிக் கிடந்திருந்தால், இணைப்புக்கு முன் கவுண்டி ஆய்வு தேவைப்படலாம். அதற்கே ஒரு வாரம் ஓடிவிடும்.

மின்தடை வந்தால் கிணற்று மோட்டார் நிற்கும், தண்ணீரும் நிற்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் வீதம் குறைந்தது மூன்று நாளைக்குக் குடிநீர் சேமித்து வையுங்கள். கழிவறைக்குத் தனியாக வாளிகளில் பிடித்து வையுங்கள். ஜெனரேட்டர் வாங்கும்போது கவனிக்க வேண்டியது: கிணற்று மோட்டார்கள் பெரும்பாலும் 240 வோல்ட்டில் ஓடுபவை, 120 வோல்ட் மட்டும் தரும் சிறிய ஜெனரேட்டர் அவற்றை இயக்காது. ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. அந்த மின்சாரம் வெளிக்கம்பியில் ஏறி, பழுது பார்க்கும் லைன்மேனைக் கொன்றுவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து, வெளிக்கம்பியைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டரை இணைக்கும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் போடுங்கள். ஓடும் ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்கட்டும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

படி 3: கிணற்று நீர்

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான். தனியார் கிணறுகளை மத்திய அரசின் குடிநீர் விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. பரிசோதனை உங்கள் கையில்.

கவுண்டி சுகாதாரத் துறையிலோ மாநில அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலோ நீர் மாதிரி எடுக்கும் பாட்டில் வாங்குங்கள். கோலிஃபார்ம் என்ற பாக்டீரியா, நைட்ரேட் இரண்டையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். முதல் முறை ஆர்சனிக், ஈயம் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதிரி எடுக்கும்போது குழாய் முனையில் உள்ள வலையைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த நீரைச் சில நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலின் வாயையும் மூடியின் உட்புறத்தையும் தொடாமல் பிடியுங்கள். பாக்டீரியா மாதிரி ஒரு நாளுக்குள் ஆய்வகத்துக்குப் போய்விட வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை மாலையில் எடுக்காதீர்கள்.

நம் வீடுகளில் "காய்ச்சிக் குடித்தால் போதும்" என்ற நம்பிக்கை வலுவானது. பாக்டீரியாவுக்கு அது சரி. நைட்ரேட்டுக்கு நேர்மாறு: நீர் ஆவியாக ஆவியாக, மிஞ்சும் நீரில் நைட்ரேட்டின் செறிவு கூடும். நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் எடுத்துக்கொள்ளும் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கவே கூடாது. குழந்தையின் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை இழக்கும். உரமிட்ட வயல்களுக்கு நடுவே வீடு என்றால் இதில் அலட்சியம் வேண்டாம்.

அடுத்தது, கிணற்று நீரை அழுத்தத்தோடு சேமித்துக் குழாய்களுக்கு அனுப்பும் பிரஷர் டேங்க். குழாயைத் திறந்ததும் மோட்டார் சில நொடிக்கொருமுறை ஓடி ஓடி நின்றால், டேங்கில் காற்று குறைந்திருக்கலாம். அப்படியே விட்டால் மோட்டார் கெடும். மோட்டாரின் பிரேக்கரை அணைத்து, தண்ணீரை முழுவதும் வடித்து, கேஜ் பூஜ்யத்துக்கு வந்தபின் டேங்க் தலையிலுள்ள வால்வில் கார் டயர் கேஜை வைத்துப் பாருங்கள். மோட்டார் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) குறைவாக இருக்க வேண்டும்: 40-இல் தொடங்கி 60-இல் நிற்கும் 40/60 சுவிட்ச் என்றால் 38. குறைந்திருந்தால் பம்ப்பால் காற்றடிக்கலாம். வால்வில் காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உள்ளே இருக்கும் பை கிழிந்துவிட்டது, டேங்கை மாற்றத்தான் வேண்டும்.

படி 4: செப்டிக்

வீட்டுக் கழிவுநீர் சேரும் செப்டிக் டேங்கும், அங்கிருந்து அது மண்ணில் இறங்கும் வடிகால் நிலமும் எங்கே இருக்கின்றன என்ற வரைபடம் கவுண்டி சுகாதாரத் துறையின் கோப்பில் இருக்கக்கூடும். நகல் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது கழிவு உறிஞ்சினார்கள் என்று விற்பவரிடம் ரசீதோடு கேளுங்கள். பொதுவாக 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். வடிகால் நிலத்தின் மேல் வண்டியை, முக்கியமாகச் சாமான் ஏற்றி வரும் லாரியை, ஓட்டவிடாதீர்கள். மண் இறுகிவிட்டால் நீர் இறங்காது.

வடை சுட்ட எண்ணெய், சோற்றுப் பருக்கை, தேங்காய்ச் சக்கை எதுவும் சிங்க்கில் போகக் கூடாது. எண்ணெய் டேங்கின் மேலே தடித்த படலமாகக் கட்டி, வடிகால் நிலத்துக்குள் நழுவினால் துளைகளை அடைத்துவிடும். அதைச் சரிசெய்யும் செலவு டேங்க் காலி செய்யும் செலவைப் போலப் பல மடங்கு.

படி 5: புரொப்பேன் கேஸ்

டேங்க் சொந்தமா, வாடகையா? இதுதான் முதல் கேள்வி. வாடகை டேங்க் என்றால் அதன் உரிமையாளரான நிறுவனம் மட்டுமே நிரப்பும். விலை ஒப்பிட்டு வேறு இடத்தில் வாங்க முடியாது. வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும் என்பதால் 80 சதவீதம் வரைதான் நிரப்புவார்கள். 500 கேலன் டேங்கில் 400 கேலன். கேஜ் 30 சதவீதத்துக்கு இறங்கியதும் ஆர்டர் போடுங்கள். முழுவதும் தீர்ந்துபோனால், மறுபடி நிரப்புவதற்கு முன் கசிவுச் சோதனை செய்தாக வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் வரலாம்.

படி 6: இணையம், தபால், குப்பை

மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் இணைய வரைபடத்தில் "கிடைக்கும்" என்று காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்து வீட்டில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். சில மின் கூட்டுறவுகளே ஃபைபர் தருகின்றன. செயற்கைக்கோள் வழி இணையமான ஸ்டார்லிங்க் என்றால், வாங்கும் முன் அதன் ஆப்பில் மரங்கள் வானத்தை மறைக்கின்றனவா என்று சோதியுங்கள்.

தபால் பெட்டியின் அடிப்பாகம் சாலை மட்டத்திலிருந்து 41 முதல் 45 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் நடுவது என்பதைத் தபால் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பம் நடக் குழி தோண்டுவதற்குச் சில வேலை நாள் முன்பே நிலத்தடிக் கம்பி, குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று குறித்துத் தரும் 811 எண்ணை அழையுங்கள், இலவசம். அவர்கள் குறிப்பது நிறுவனங்களின் கம்பி, குழாய்களை மட்டுமே. கிணற்றுக் குழாயையும் டேங்கிலிருந்து வீட்டுக்கு வரும் கேஸ் குழாயையும் குறிக்க மாட்டார்கள்.

குப்பைக்குத் தனியார் வண்டி வைக்கலாம், அல்லது கவுண்டியின் குப்பை மையத்துக்கு நீங்களே கொண்டுபோகலாம். சில மையங்கள் வசிப்பிடச் சான்று கேட்கும்; மின் பில்லை எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டை வாங்கும் முன்பே கேட்க வேண்டிய ஒன்று

தீயணைப்பு நிலையம் சாலை வழியே 5 மைலுக்குள் இருக்கிறதா, தீயணைப்புக்கான தெருக் குழாயான ஹைட்ரன்ட் 1,000 அடிக்குள் இருக்கிறதா என்று காப்பீட்டு நிறுவனங்கள் பார்க்கும். இரண்டும் இல்லையென்றால் பிரீமியம் கணிசமாக ஏறும், சில நிறுவனங்கள் காப்பீடே தராது. கையெழுத்திடும் முன் முகவரியைக் கொடுத்து எழுத்தில் விலை வாங்குங்கள்.