பாண் எடை குறைகிறதா? தராசோடு ஒரு புள்ளிவிவரப் பாடம்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வாங்கும் ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும். கையில் தூக்கினால் இலேசாகத் தெரிகிறது. அதற்காக ஒரு பாணை நிறுத்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகக்கூடாது. எல்லாப் பாணும் ஒரே எடையில் வெந்து வருவதில்லை.

படி 1. தராசைத் தொடுமுன் தாளில் எழுதுங்கள். சூனியக் கருதுகோள் (நிராகரிக்க முடியுமா என்று சோதிக்கப்போகும் எடுகோள்): சராசரி எடை 450. மாற்றுக் கருதுகோள்: 450 அல்ல. பொருண்மை மட்டம் 5%. கடைக்காரர் சரியாகவே தந்தும் அவரைப் பிழை சொல்லிவிடும் ஆபத்துக்கு நாம் போடும் எல்லை அது. எண்களைப் பார்த்தபின் இதை மாற்றினால் சோதனையே கெட்டுவிடும்.

படி 2. ஒரே நாளில் 16 பாண் வாங்காதீர்கள். ஒரே மா, ஒரே போறணை. எல்லாம் ஒரே பக்கம் சாயும். நான் 16 நாள், நாளுக்கு ஒன்றாக வாங்கி, வந்த கையோடு நிறுத்தேன். வைத்திருந்தால் ஈரம் போய் எடை இறங்கும்.

படி 3. சராசரி 444, எடைகள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவான நியம விலகல் 8 (கணக்குக்கு வசதியாக முழு எண்ணாக்கியிருக்கிறேன்). பாண் 16, அதன் வர்க்கமூலம் 4. 8ஐ 4ஆல் வகுத்தால் 2. இதுதான் நியம வழு. தனிப் பாண் 8 கிராம் அளவில் ஆடினாலும், பதினாறின் சராசரி 2 கிராம் அளவில்தான் ஆடும்.

படி 4. குறைவு 6 கிராம். இரண்டால் வகுத்தால் 3. டி அட்டவணையில் 5% மட்டத்தில், சுயாதீனப் பாகை 15க்கு (16இல் ஒன்று குறைய) எல்லை 2.131. மூன்று அதைத் தாண்டுகிறது, சூனியக் கருதுகோளை நிராகரிக்கலாம். சிறிய மாதிரிக்கான இந்த டி முறையை 1908இல் தந்தவர் டப்ளினில் கின்னஸ் மதுவடிசாலையில் வேலை பார்த்த கொசெட். ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில்தான் வெளியிட்டார்.

பி மதிப்பு ஏறக்குறைய 0.009. சராசரி உண்மையில் 450 என்றால், இவ்வளவு அல்லது இதைவிடக் கூடிய விலகல் ஆயிரத்துக்கு ஒன்பது தடவைதான் வரும். "450 என்பது சரியாக இருக்கும் வாய்ப்பு 0.009" என்று மட்டும் வாசித்துவிடாதீர்கள், ரொம்பப் பேர் வழுக்கும் இடம் இது.

படி 5. எனக்குப் பிடித்தது 95% நம்பிக்கை ஆயிடைதான், உண்மைச் சராசரிக்கு நாம் மதிப்பிடும் வீச்சு அது. குறைகிறதா என்பதோடு எவ்வளவு என்றும் சொல்கிறது. 2.131 × 2 = 4.26. 444இலிருந்து இரு பக்கமும் அவ்வளவு, ஆக 439.7 முதல் 448.3 வரை. 95% என்பது முறைக்குரிய எண்: இப்படி நூறு தடவை மாதிரி எடுத்து நூறு ஆயிடை போட்டால், ஏறக்குறைய 95 உண்மைச் சராசரியைப் பிடிக்கும்.

ஆயிடைக்குள் 450 விழுந்திருந்தால்? கடை சரி என்று நிரூபணமாகிவிடாது, குறைவென்று சொல்ல ஆதாரம் போதவில்லை, அவ்வளவுதான். ஆயிடையை ஏறக்குறையப் பாதியாக்க வேண்டுமென்றால் நாலு மடங்கு, 64 பாண் நிறுக்க வேண்டும்.