ஓடைக்கரைப் பசுமையைக் கணிப்பதில் நேரும் தவறுகள்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், கார்லின் நகருக்கு அருகே ஹம்போல்ட் ஆற்றில் கலக்கும் சூசி க்ரீக் போன்ற சிற்றோடைகளைப் பார்வையிடச் செல்வோர் முதலில் செய்யும் தவறு, பச்சையாகத் தெரிவதையெல்லாம் செழிப்பு என்று எண்ணிவிடுவதாகும். வெளியிலிருந்து வந்து பரவிய கென்டக்கி புளூகிராஸ் என்னும் புல்லும் மண்ணுக்குரிய நெப்ராஸ்கா கோரையும் தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே பசுமைதான். ஒரு மண்வெட்டி மண்ணைப் பெயர்த்துப் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும். கோரையின் வேர்கள் கயிற்றுப் பாயைப் போல அடர்ந்து பின்னிக் கரையைப் பிடித்து நிற்கின்றன. புளூகிராஸின் வேர்களோ மேல்மண்ணோடு நின்றுவிடுவதால், பனியுருகி வரும் வெள்ளம் கரையின் அடியை எளிதில் அரித்துவிடுகிறது.

மண்ணுக்குரிய செடி எங்கிருந்தாலும் நல்லது என்று கொள்வதும் தவறு. அனுபவமுள்ளவர்களும் இதில் ஏமாறுவதுண்டு. சேஜ்பிரஷ் அந்த நிலத்துக்கே உரிய புதர்தான், ஆனால் நெடுநாள் ஈரத்தில் ஊறும் மண்ணை அது தாங்காது. ஆகவே, ஓடையை ஒட்டிய தாழ்நிலத்தில் அது செழித்திருந்தால், படுகை ஆழமாக அறுபட்டு, அதோடு நிலத்தடி நீரும் கீழிறங்கிவிட்டது என்றே பெரும்பாலும் பொருள்.

மேய்ச்சலைக் கணிக்கும்போது மாடுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து, அவை மேயும் காலத்தை விட்டுவிடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் மேட்டுப்புல் காய்ந்ததும் மாடுகள் நீரையும் நிழலையும் விட்டு நகராமல் ஓடையோரம் வளரும் வில்லோ மரங்களின் இளந்தளிர்களைக் கடித்துத் தீர்த்துவிடும்; மந்தை சிறிதானாலும் சேதம் பெரிதாகவே இருக்கும். சூசி க்ரீக்கில் 1990களில் மாடுகளை அடியோடு வெளியேற்றிவிடாமல், கோடையில் ஓடையோரம் மேய்வதைக் குறைத்தே பண்ணையாளர்கள் கோரையையும் வில்லோவையும் மீட்டார்கள். பின்னர் கிளைகளாலும் சேற்றாலும் அணை கட்டும் கொறிவிலங்குகளான பீவர்கள் தாமாகவே வந்து அணை கட்ட, நீர் தேங்கத் தொடங்கியது. பீவரைத் தொல்லையென்று விரட்டுவது தனியொரு தவறு.

வசந்தத்தில் மேட்டில் தெரியும், சீட்கிராஸ் என்னும் ஓராண்டுப் புல்லின் பசுமையையும் நம்பலாகாது. ஜூன் வாக்கில் அது காய்ந்து, தீப்பற்றக் காத்திருக்கும் வைக்கோலாகிவிடும்.

பனி மிகுந்த ஓர் ஆண்டில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெழுதுவது எல்லாவற்றிலும் மோசமானது. நிழற்படம் எடுக்கும் இடத்தில் ஓர் இரும்புக் கம்பியை அறைந்து, கேமரா நோக்கிய திசையையும் மாதத்தையும் குறித்துவைத்தால், பத்தாண்டு கழித்து வருபவரும் அதே இடத்தில் நின்று அதே கரையைப் படமெடுத்து ஒப்பிட முடியும்.