கார்ல கீறலா, முதல்ல நகத்த வச்சுப் பாருங்க

கடலோரத்துல உவரி பக்கம் மாமனார் ஊருங்கறதால மாசத்துக்கு ரெண்டு தடவயாவது நம்ம கார் அங்க போயிரும், திசையன்விளை தாண்டி உள்ரோட்டுல எதுக்க பஸ் வந்தா ஒதுங்கித்தான ஆகணும், ஒதுங்குனா உடைமுள்ளு கதவு நீளத்துக்கும் கோடு இழுத்து விட்ரும். பாக்கவே வயிறு எரியும். ஆனா எனக்கு அதவிட பயம், நாலுவழிச்சாலைல லாரி டயர்ல இருந்து தெறிக்க கல்லு பானட்டுல போடுற மொளகு சைஸ் புள்ளிதான். அப்படி ஒரு புள்ளிய சின்னதுதானன்னு விட்டேன், ஐப்பசி கார்த்திகை மழையும் உவரி உப்புக்காத்தும் சேந்து, தை மாசம் பாத்தா சுத்தி பெயிண்ட் உப்பி நிக்கு, அடில துரு.

கார் தகரத்துக்கு மேல ப்ரைமர்ங்கற அடிப்பூச்சு, அதுக்கு மேல கலர், எல்லாத்துக்கும் மேல கிளியர் கோட்ங்கற நிறமில்லாத பூச்சு. மொத்தமே பெரும்பாலும் 100ல இருந்து 150 மைக்ரான் தான், அதுல கிளியர் கோட் ஒரு 40, 50 இருக்கும், தலைமுடி கனம் கூட வராது. கீறல் மேல நகத்த குறுக்க இழுங்க. நகம் சிக்கலன்னா, தண்ணி தெளிச்சதும் கோடு மறைஞ்சிருச்சுன்னா, கிளியர் கோட்டோட போச்சு, தேய்ச்சு மெருகேத்துற பசை, ரப்பிங் காம்பவுண்டே போதும். நகம் சிக்குதா, உள்ள வெள்ளையாவோ சாம்பலாவோ தகரமோ தெரியுதா, அப்ப அந்த இடத்துல மட்டும் தொட்டு வைக்குற டச்சப் பெயிண்ட் வேணும்.

எதுவானாலும் முதல்ல நல்லா கழுவணும். தேரிக்காட்டு செம்மண் தூசியோட காஞ்ச துணிய வச்சு தொடச்சீங்கன்னா நீங்களே நூறு கீறல் போட்டுருவீங்க. தண்ணிய அடிச்சு தூசிய இறக்கிட்டு அப்புறம் ஷாம்பு.

காம்பவுண்ட மைக்ரோஃபைபர் துணில பட்டாணி அளவு எடுத்து, அழுத்தாம ஒரு நிமிசம் தேய்ச்சு தொடச்சுப் பாருங்க, வேணும்னா இன்னொரு தடவ. கதவு விளிம்புல தேய்க்கவே தேய்க்காதீங்க, அங்க பெயிண்ட் மெலிசா இருக்கும். வாராவாரம் தேய்க்கவும் கூடாது, ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட் கொஞ்சம் போகுதுல்லா.

இப்ப கல்லடிக்கு வருவோம். கலர் பேர மட்டும் சொல்லி பெயிண்ட் வாங்காதீங்க, வெள்ளையிலயே எத்தன வெள்ளை இருக்கு, பானட்டுக்கு அடிலயோ கதவு தூண்லயோ ஸ்டிக்கர்ல கலருக்கான குறியீடு இருக்கும், அதப் பாத்து வாங்குங்க. வண்டி பழசுன்னா வெயில்ல வெளிறி கொஞ்சம் வித்தியாசம் தெரியத்தான் செய்யும், மெட்டாலிக்ல இன்னும் தெரியும், அத ஏத்துக்கிடணும்.

துரு இருந்தா பென்சில் நுனில வாட்டர் பேப்பர் (தண்ணில நனைச்சு தேய்க்குற உப்புத்தாள்) துண்ட ஒட்டி, அந்தப் புள்ளிய மட்டும் தகரம் பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் சுரண்டணும். துரு மேல பெயிண்ட் வச்சா அது அடிலயே ஊர்ந்துக்கிட்டு போகும். அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு தொடச்சு எண்ணெய்ப் பசைய எடுங்க. தின்னர் வேண்டாம், சுத்தி உள்ள நல்ல பெயிண்டயும் இளக்கிரும்.

பாட்டில் கூட வர்ற பிரஷ்ஷ நான் தொடுறதே இல்ல, அது ரொம்ப தடிமன். பல்குத்தி நுனில ஒரு துளி எடுத்து பள்ளத்துக்கு நடுவுல வைங்க, அதுவே பரவிக்கிடும். தகரம் தெரிஞ்சா முதல்ல ப்ரைமர், காஞ்சப்புறம் கலர். ஒரே தடவைல நெறச்சிரணும்னு நெனச்சா மேல காஞ்சு உள்ள பச்சையாவே கெடக்கும், அதனால அர மணி நேரம் விட்டு விட்டு ரெண்டு மூணு மெலிசு கோட், சுத்தி உள்ள மட்டத்தவிட லேசா மேல நிக்கட்டும், கடைசில கிளியர். காலைலயே நெழல்ல வச்சு பண்ணுங்க, சூடான பானட்டுல பெயிண்ட் பரவுறதுக்குள்ள காஞ்சிரும். ஆனி ஆடில பணகுடி, வள்ளியூர் பக்கம் உள்ளவங்க போர்ட்டிகோவுல ஒரு மறப்பு கட்டிக்கிடுங்க, அந்தக் காத்துக்கு ஈர பெயிண்ட்ல தூசி ஒட்டாம இருக்காது. மழை ஈரத்துல வச்சா கிளியர் பால் மாதிரி மங்கும்.

ஒரு வாரம் கையே வைக்காதீங்க. அப்புறம் மேடு தட்டுச்சுன்னா 2000 நம்பர் வாட்டர் பேப்பர சோப்புத் தண்ணில ஊறப்போட்டு, மேட்ட மட்டும் பூப்போல தேய்ச்சு காம்பவுண்ட் போடுங்க. வாக்ஸ் ஒரு மாசம் கழிச்சு போட்டா போதும்.

பம்பர்ல விழுந்த கீறலுக்கு அவசரமே இல்ல, பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. தகரமே ஒடுங்கியிருந்தா, இல்ல உள்ளங்கை அளவுக்கு பெயிண்ட் உரிஞ்சிருந்தா பெயிண்டர்ட்ட விட்ருங்க, பல்குத்தியால ஆகாது.