கேட்டில் நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எரிபொருள் கிடங்குக்குப் புதிதாக வரும் காவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே இவர்களும் செய்கிறார்கள். தூங்காதே, தாமதமாக வராதே என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தது. கிடங்கோ துறைமுகமோ, போலீஸ் வந்து சேரும்வரை அங்கே முதலில் நிற்பவர் தனியார் நிறுவனக் காவலர்தான். அவர் கோட்டை விட்டால் அது நிறுவனத்தின் நஷ்டத்தோடு நிற்காது.

ஆளைப் பார்த்து கேட்டைத் திறப்பது

என்னை இன்றும் கோபப்படுத்துவது இதுதான். சைக்கிளில் வரும் ஒப்பந்தத் தொழிலாளியின் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்க்கிறார்கள். பின்னால் வரும் கார் ஹாரன் அடித்ததும் சல்யூட் வைத்து வழிவிடுகிறார்கள். சென்ற மாதம் ஒரு பதிவேட்டைப் புரட்டினேன். பெயர் என்ற இடத்தில் ‘கெஸ்ட்’, காரணம் ‘சொந்த வேலை’, யாரைப் பார்க்க வந்தார் என்பது காலி, வெளியேறிய நேரமும் காலி. எழுதிய இளைஞரைக் கேட்டேன். “பெரிய அதிகாரி மாதிரி இருந்தார் சார்” என்றார்.

வேவு பார்க்க வருபவன் அப்படித்தான் இருப்பான். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலுக்கு முன்பு, தாக்கியவர்களுக்காக வேவு பார்த்த டேவிட் ஹெட்லி அமெரிக்க பாஸ்போர்ட்டுடன் வந்து, தாஜ் ஹோட்டலில் விருந்தினராகவே தங்கி, உள்ளே வீடியோ எடுத்துக்கொண்டு போனான்.

யார் வந்தாலும் அடையாள அட்டையை வாங்கிப் பாருங்கள். யாரைப் பார்க்க வந்தாரோ அவரை இன்டர்காமில் அழைத்துக் கேளுங்கள். பதில் வரும்வரை கேட் மூடியே இருக்கட்டும். நிறுத்தியதற்காகக் காவலரைத் திட்டும் மேலாளர்களுக்கும் சொல்கிறேன்: இன்று உங்களிடம் திட்டு வாங்கியவர் நாளை யாரையும் நிறுத்தமாட்டார்.

சான்றிதழோடு பயிற்சியை முடித்துக்கொள்வது

தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு தந்த மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் கேட்கின்றன. தீயணைப்புக் கருவியின் ஊசியைக் கழற்றத் தெரியாதவர்களிடமும் சான்றிதழைப் பார்த்திருக்கிறேன். முகமை நடத்துபவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கேட் முன் செல்ஃபி

வேண்டாம். பின்னணியில் கேமராக்கள் இருக்கும் இடமெல்லாம் தெரிகிறது.

பிடித்தவரை அறையில் வைத்து விசாரிப்பது

அடிக்கவும் விசாரிக்கவும் நமக்கு அதிகாரமில்லை. குற்றம் செய்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். 112 என்ற எண்ணும் அருகிலுள்ள காவல் நிலையத்தின் எண்ணும் கேட் அறைச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கட்டும்.