கலப்பு நீரில் உலோக அயனிகள்: பரப்புக்கவர்தல் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டுக் காப்பித் தோல், ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் மரவள்ளித் தோல், சேலத்து வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் ஆகியவற்றின் பரப்பில் ஒட்டவைத்து (இதுவே பரப்புக்கவர்தல்) நீரிலுள்ள உலோகங்களை அகற்ற முடியுமா என்று ஆராயும் மாணவர், வாலைவடிநீரில் ஓர் உலோக உப்பை மட்டும் கரைத்துத் தொடங்குவது இயல்பு. அதில் குற்றமில்லை. அங்கே கிடைத்த கொள்திறனை, அதாவது ஒரு கிராம் பொருள் பிடித்துவைக்கும் உலோக அளவை, முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீருக்கு அப்படியே பொருத்துவதுதான் தவறு. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த நீரில் அவை பெரும்பாலும் ஒரே பிணைப்பிடங்களுக்குப் போட்டியிடுவதால், தனித்தனியே அளந்த கொள்திறன்களின் கூட்டுத்தொகையைக் கலவையில் எதிர்பார்க்க இயலாது. கடின நீராயின், உலோகங்களைவிடப் பன்மடங்கு மிகுந்த கால்சியமும் மெக்னீசியமும் அப்போட்டியில் சேர்ந்துகொள்கின்றன.

எந்த உலோகம் முந்தியது என்பதை மில்லிகிராமில் ஒப்பிடுவதும் ஏமாற்றும். ஒரு கிராம் பொருள் 20 மில்லிகிராம் காரீயத்தையும் 10 மில்லிகிராம் செம்பையும் பிடித்ததாகக் கொள்வோம். மோல் கணக்கில் காரீயம் ஏறத்தாழ 0.097 மில்லிமோல், செம்பு 0.157 மில்லிமோல். வென்றது செம்பே. தொடக்கச் செறிவுகளையும் மில்லிமோலில் சமப்படுத்தாவிட்டால் ஒப்பீட்டுக்கே பொருளில்லை.

மேக்னசைட்டைப் பயன்படுத்துவோர் மிகுதியாக இடறுவது பிஎச் மதிப்பில்தான். சுட்ட மேக்னசைட், அதாவது மெக்னீசியம் ஆக்சைடு, நீரின் பிஎச் மதிப்பை 10 வரை உயர்த்தக்கூடும். அதற்கு வெகு முன்பே செம்பு ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடும். வடிதாளில் தங்கிய அவ்வீழ்படிவையும் பரப்பில் ஒட்டியதாகக் கணக்கிட்டால் வியப்பூட்டும் கொள்திறன் கிடைக்கும். பரப்புக்கவர்தலை விவரிக்கும் லாங்மியூர் சமன்பாடும் அதற்கு அழகாகப் பொருந்திவிடும் என்பதுதான் வேடிக்கை. தொடக்க பிஎச் மட்டும் போதாது. இறுதி பிஎச் மதிப்பையும் பதிவுசெய்து, திண்மம் சேர்க்காத அதே கரைசலை அந்த மதிப்புக்குக் கொண்டுவந்து வடித்து, வீழ்படிவாக மட்டும் எவ்வளவு பிரிகிறது என்று பார்க்க வேண்டும். நீரைத் தெளிவாக்கி உலோகத்தை அகற்றுவது மட்டுமே நோக்கமென்றால் வீழ்படிவும் நல்லதே, ஆனால் அதற்குப் பரப்புக்கவர்தல் என்று பெயரிடலாகாது.

ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் எதிர்மின் அயனியாக இருப்பதால், அதனை நேர்மின் அயனிகளான செம்பு, நிக்கலுடன் ஒரே வரிசையில் நிறுத்தி ஒப்பிடக் கூடாது.

பொருளை நிரப்பிய குழாய் வழியே நீரைத் தொடர்ந்து செலுத்தும் நிரல் ஆய்வில், வெளிவரும் நீரில் நிக்கல் செறிவு உள்ளே சென்றதைவிட மிகுந்திருந்தால், அளவீட்டுப் பிழையென்று அந்தப் புள்ளியை நீக்கிவிட வேண்டாம். முதலில் ஒட்டிய நிக்கலைப் பின்வந்த செம்பு பெயர்த்துத் தள்ளும்போது அப்படித்தான் நேரும். ஆகவே நிரலை நிறுத்த வேண்டிய நேரத்தைச் செம்பைப் பார்த்தல்ல, முதலில் வெளியேறும் நிக்கலைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.