பன்னிரண்டு வருஷமாகக் கவிழ்ந்தே கிடந்த டீ கிளாஸ்

போன மாதம் ஒரு பையன் தன் வீடியோ கேமுக்காகக் கட்டிய லெவலை, அதாவது ஆட்டக்காரர் நடந்து திரியும் இடத்தை, பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று அனுப்பியிருந்தான். வெள்ளத்தில் மூழ்கிப்போய், பதினைந்து வருஷம் கழித்து மக்கள் திரும்பிவந்து குடியேறிய கிராமம். வேலை சுத்தமாக இருந்தது. சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறை, ஓட்டின் மேல் பாசி, சாயங்கால வெளிச்சம். முதல் வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். சரி என்று உள்ளே போனால், மேசையில் தட்டு, தட்டில் பாதிச் சாப்பாடு, பக்கத்தில் சரிந்த நாற்காலி. அவசரமாக ஓடினார்களாம். ஓடினார்கள், சரி. வெள்ளம் கூரை வரை வந்தபோது அந்தத் தட்டு எப்படி மேசையிலேயே உட்கார்ந்திருந்தது? திரும்பி வந்த பாட்டி இத்தனை நாளாக அதைக் கழுவாமல் வெளியே பூ கட்டிக்கொண்டு என்ன செய்கிறார்?

சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்புறம் எரிச்சல். ஏனென்றால் இதே வேலையை நானும் செய்து, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்து, ஒரு டீமையே ஏழு வாரம் அலைக்கழித்திருக்கிறேன். அதனால்தான், வசனம் இல்லாமல் இடத்தையும் பொருளையும் வைத்தே கதை சொல்லப் போய் நாம் செய்யும் தப்புகளைப் பற்றி இதை எழுதுகிறேன். கதவு அளவு தப்பாக இருப்பது, கல் அந்தரத்தில் மிதப்பது, டெக்ஸ்சர் (பரப்பின் மேல் ஒட்டும் படம்) இழுபட்டுத் தெரிவது, இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. பிளேடெஸ்டில், அதாவது வெளியிடும் முன்னால் ஆட்களை ஆடவைத்துப் பார்க்கும் சோதனையில், உட்காரும் முதல் ஆளே சொல்லிவிடுவார்.

எலும்புக்கூடும் பாட்டிலும்

மூலையில் ஒரு எலும்புக்கூடு, பக்கத்தில் காலி பாட்டில். போதும். எல்லோரும் பார்த்தாயிற்று.

சுவரில் ரத்தத்தால் எழுதுவது

'ஓடிவிடு', 'அவர்கள் வருகிறார்கள்', 'உள்ளே போகாதே'. யார் எழுதியது, எதற்கு எழுதினார், துரத்தி வருகிறவனை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய எழுத்தில் எழுத அவருக்கு எங்கே நேரம் கிடைத்தது? பதில் இருந்தால் எழுதுங்கள். 2007-இல் வந்த போர்ட்டல் விளையாட்டில் 'கேக் ஒரு பொய்' என்ற கிறுக்கல் ஏன் இன்னும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது? அது நடுக்கூடத்தில் இல்லை. ஆய்வுக்கூடத்தின் பளபளவென்ற வெள்ளைச் சுவரில் ஒரு பலகை விலகியிருக்கும், அதன் பின்னால் ஒருவன் ஒளிந்து வாழ்ந்த பொந்து, தகர டப்பாக்கள், அதற்கு நடுவே அந்தக் கிறுக்கல். எழுதியவன் யாரிடம் மறைந்து வாழ்ந்தான் என்பதை இடமே சொல்லிவிடுகிறது.

தி லாஸ்ட் ஆஃப் அஸ் (2013) முதல் பாகத்தில் சாக்கடைக் குகைக்குள் கொஞ்ச நாள் குடும்பமாக வாழ்ந்தவர்களின் இடம் ஒன்று வரும். குழந்தைகளின் பொம்மைகள், மழைநீர் பிடிக்கும் ஏற்பாடு, விதிமுறைகள் எழுதிய பலகை எல்லாவற்றையும் தாண்டிப் போய்க் ஒரு அறையில் உடல்கள் மேல் ஒரு துணி போர்த்தி இருக்கும். பக்கத்தில் தரையில், அவர்கள் துன்பப்படவில்லை என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு முன்னால் இருபது நிமிடம் நடக்கிற இடத்தைக் கட்டியிருக்கிறார்கள். நம் ஆட்கள் அந்த இருபது நிமிடத்தை விட்டுவிட்டு வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் பாகத்தில் காலம் நகராத ஊர்

இதுதான் என் பழைய புண்.

நான் வேலை செய்த முதல் விளையாட்டில் ஒரு சின்னத் துறைமுக ஊர். கப்பல்கள் எரிந்த அன்றைக்கு ஊரே காலி செய்துகொண்டு ஓடுகிறது. படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை வைத்திருந்தேன். பெஞ்சு கவிழ்ந்திருக்கும், ஒரு கிளாஸ் உருண்டு கிடக்கும், கொட்டிய டீ மீது எறும்பு ஊரும். அந்த எறும்புக்கே இரண்டு நாள் வேலை செய்தேன். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆட்டக்காரர்கள் படம் எடுத்துப் பகிர்ந்தார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாம் பாகம் கதைப்படி பன்னிரண்டு வருஷம் கழித்து நடக்கிறது. அந்த டீக்கடையைத் திரும்பக் கொண்டுவரலாம், ரசிகர்கள் கொண்டாடுவார்கள் என்று மேலிடம் சொன்னது. நானும் பழைய லெவல் ஃபைலைத் திறந்தேன், நகல் எடுத்தேன், வானத்தை மாற்றினேன், நாலு கொடி படரவிட்டேன், எல்லாவற்றின் மேலும் ஒரே அளவில் துரு பூசினேன். இரண்டே நாள். எறும்பை மட்டும் எடுத்துவிட்டேன், அந்த அளவுக்கு யோசித்தேன் என்று பெருமை வேறு.

பிளேடெஸ்டுக்கு முதல் பாகம் ஆடிய ஒரு பெண் வந்திருந்தார். டீக்கடை முன்னால் நாலு நிமிடம் நின்றார். பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான், உருகிவிட்டார் என்று நினைத்தேன். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அவர் கேட்டது இதுதான்: "இந்த ஊர்ல இப்ப ஆளுங்க இருக்காங்கல்ல? அப்புறம் ஏன் இந்த பெஞ்சை யாருமே நிமித்தி வைக்கல?"

பதில் இல்லை. ஊரில் மறுபடி சந்தை நடக்கிறது, மீன் விற்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஓடுகிற பிள்ளைகள் தினமும் தடுக்கி விழும் இடத்தில் அந்த பெஞ்சு பன்னிரண்டு வருஷமாகக் கவிழ்ந்து கிடக்கிறது.

பெஞ்சை நிமிர்த்தி வைத்தால் முடிந்தது என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். ஆனால் அதற்குள் அந்த லெவலின் மேல் எல்லோரும் வேலை செய்துவிட்டார்கள். கவிழ்ந்த பெஞ்சுக்குப் பின்னால் பதுங்கித்தான் ஒரு சண்டை, இடிந்த சுவரைச் சுற்றித்தான் எதிரிகள் நடக்கும் பாதை, கூரையில்லாத கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டு ஒரு பாத்திரம் பேசும் வசனம் ஒலிப்பதிவே முடிந்துவிட்டது. மக்கள் திரும்பி வந்திருந்தால் கிட்டங்கிக்குக் கூரை போட்டிருப்பார்கள். கூரை போட்டால் வசனம் பொய். சுவரைக் கட்டினால் பாதை அடைபடும். மூன்று பேர், ஏழு வாரம், பாதி வசனம் குப்பைக்கு. சினிமா செட் என்றால் கோணத்தை மாற்றி ஒப்பேற்றலாம். இங்கே இடம்தான் அஸ்திவாரம், அதன் மேல்தான் மற்ற எல்லோருடைய வேலையும் நிற்கிறது.

இதைப் பெரிய ஸ்டூடியோக்களும் செய்கின்றன என்பதுதான் புதியவர்களைக் கெடுக்கிறது. ஃபால்அவுட் வரிசையைப் பாருங்கள், ஒரே உலகத்தில் சரியும் தப்பும் இரண்டும் கிடைக்கும். அதன் கதையில் அணுகுண்டு விழுவது 2077 அக்டோபரில். 1997-இல் வந்த முதல் பாகம் 2161-இல் நடக்கிறது. அதில் ஷேடி சாண்ட்ஸ் என்று ஒரு மண்வீட்டுக் கிராமம், சுற்றி ஒரு மதில், கொஞ்சம் பயிர், ஊர்த் தலைவரின் மகள் டாண்டி. அடுத்த வருஷமே இரண்டாம் பாகம் வந்துவிட்டது, ஆனால் கதையில் 80 வருஷம் ஓடிவிட்டது. அதே ஷேடி சாண்ட்ஸ் இப்போது ஒரு குடியரசின் தலைநகரம், அந்த டாண்டி கிழவியாகி அதன் அதிபர். நீங்கள் முதல் பாகத்தில் கொள்ளைக்காரர்களிடமிருந்து மீட்டுக்கொண்டு வந்த பெண்! எனக்கு அதைப் பார்த்ததும் வயிற்றில் என்னவோ செய்தது.

வேறு நிறுவனத்தின் கைக்குப் போய் 2008-இல் வந்த மூன்றாம் பாகம் 2277-இல் நடக்கிறது, நான்காவது (2015) 2287-இல். குண்டு விழுந்து ஏறக்குறைய இருநூறு வருஷம். ஆனால் போய்ப் பார்த்தால் குண்டு விழுந்து இருபது வருஷம் ஆன மாதிரி இருக்கிறது. மனிதர்கள் தங்கி வியாபாரம் செய்கிற இடங்களிலும் குப்பை அள்ளப்படவில்லை, சூப்பர் மார்க்கெட்டில் தேடினால் இன்னும் சாப்பாடு கிடைக்கிறது. அந்த விளையாட்டுகளில் தனித்தனி அறைகள் அருமை, வெடிக்காத குண்டைச் சுற்றி விமானத் தகடுகளால் கட்டிய மெகாடன் ஊரை நான் இப்போதும் மாணவர்களுக்குக் காட்டுகிறேன். அறைகளைக் கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள், நாள்காட்டியைத்தான் யாரும் பார்க்கவில்லை.

சரியாகச் செய்தவர்கள் என்ன செய்தார்கள்? போர்ட்டல் 2 (2011) முதல் பாகத்தின் அதே சோதனை அறைகளுக்குள் கூட்டிப்போகிறது. பலகைகள் பெயர்ந்து, செடிகொடி உள்ளே வளர்ந்து, நமக்குத் தெரிந்த புதிர்கள் பாதி உடைந்து கிடக்கின்றன. மனிதர் யாரும் நடமாடாத இடம், அதனால் கொடி படர்ந்தது நியாயம். அப்புறம் கீழே உப்புச் சுரங்கத்தில் விழுந்தால், மேலே ஏற ஏற 1950கள், 70கள், 80கள் என்று அந்தச் சோதனை அறைகளைக் கட்டிய நிறுவனத்தின் வரலாறே அடுக்கடுக்காக வருகிறது, முதலாளியின் படமும் கூடவே கிழடாகிறது. டார்க் சோல்ஸ் 3 (2016) முதல் பாகத்தின் அனோர் லோண்டோ நகரத்துக்குத் திரும்பக் கொண்டுபோய் விடும். முதல் பாகத்தில் நம் ஆயுதங்களைத் தட்டிக்கொடுத்த ராட்சதக் கொல்லர், அதே இடத்தில் பிணமாகக் கிடப்பார். ஒரு வசனம் இல்லை.

செல்டா வரிசையில் 2017 பாகத்தின் ஹைரூல் நாட்டையே 2023 பாகத்திலும் திரும்பப் பயன்படுத்தினார்கள். ஹேடெனோ கிராமத்தில் பள்ளிக்கூடம் வந்திருக்கிறது, டாரி டவுன் வளர்ந்திருக்கிறது, நல்ல வேலை. ஆனால் 2017 பாகத்தில் நாடெங்கும் நின்ற கார்டியன் இயந்திரங்களும் ஷ்ரைன் என்ற கோயில்களும் மலையளவு தெய்வ மிருகங்களும் கிட்டத்தட்டச் சுவடே இல்லாமல் போய்விட்டன, ஊர்க்காரர்களும் அதைப் பற்றி அதிகம் வாயைத் திறப்பதில்லை. மலையளவு ஒன்று காணாமல் போனால் டீக்கடையில் ஒரு வாரமாவது பேச்சு இருக்க வேண்டாமா?

நான் இப்போது எந்த இடத்தையும் திறக்கும் முன்னால் ஒரு எக்செல் தாள் போடுகிறேன். இடப்பக்கம் வருஷம், அடுத்து யார் இருந்தார்கள், எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள். 'எதை எடுத்தார்கள்' என்பதில்தான் உயிர் இருக்கிறது. கைவிட்ட வீட்டில் முதலில் போவது செம்புக் கம்பி, தகரம், கதவு, ஜன்னல் சட்டம். தூக்க முடியாததுதான் மிஞ்சும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் போய்ப் பாருங்கள், நான் இதற்காகவே இரண்டு தடவை கேமராவோடு போயிருக்கிறேன். தேவாலயத்தின் பவளக்கல் சுவர் நிற்கிறது, கூரையும் மரமும் இல்லை. அதை ஒட்டியே சங்கும் சிப்பிமாலையும் விற்கிற கடை. புயலும் வியாபாரமும் ஒரே ஃபிரேமில்.

எல்லாவற்றுக்கும் இடிபாடு தேவை என்றும் இல்லை. டொராண்டோவில் உருவாகி 2023-இல் வந்த 'வெண்பா' விளையாட்டில் 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைதான் பெரும்பாலும். அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து மங்கிப்போய் இருக்கும், விடுபட்ட படிகளை நாம்தான் யோசித்து நிரப்ப வேண்டும். வருஷங்கள் ஓடியதை அந்த நோட்டு சொல்லிவிடுகிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நீங்கள் கட்டிய ஊரைப் பார்த்து இதைக் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் ஊர் இன்னும் ஊராகவில்லை.

எல்லோரும் டைரி எழுதுவது

பயோஷாக் (2007) விளையாட்டில் பாத்திரங்கள் பேசிப் பதிவுசெய்த டைரிகள் ஒலிநாடாவாகக் கிடைக்கும். அதை ஆடிவிட்டு வந்தவர்கள் ஆளுக்கொரு ஒலிநாடாவை மூலைக்கு மூலை போட்டுவிடுகிறார்கள். ஒரு சோதனை: எல்லா டைரியையும் எடுத்துவிட்டு ஒருவரை ஆடச் சொல்லுங்கள். இங்கே என்ன நடந்தது என்று கேட்டால், பாதியாவது சொல்ல வேண்டும்.

அவர் ஓடிக்கொண்டிருக்கிறார்

நீங்கள் எடிட்டரில் (லெவல் கட்டும் மென்பொருளில்) கேமராவை மெதுவாக மிதக்கவிட்டு அறையை அழகுபார்க்கிறீர்கள். ஆட்டக்காரர் குண்டு தீர்ந்துபோய், பின்னால் ஒருவன் துரத்த, அந்த அறையை மூன்று நொடியில் கடக்கிறார். நான் ஒரு தொட்டிலைக் கதவுக்குப் பின்னால், இருட்டில் வைத்து, பிளேடெஸ்டில் பதினோரு பேரில் ஒருவர்கூடப் பார்க்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன். முக்கியமானதை வெளிச்சம் விழும் இடத்தில், அவர் எப்படியும் திரும்பியாக வேண்டிய வளைவில் வையுங்கள், அல்லது சண்டை முடிந்து அவர் மூச்சுவாங்கும் இடத்தில். இருட்டு மூலைகளைத் தேடிப்போகிறவர்களுக்கு வேறு ஏதாவது சின்னதாகக் கிடைக்கட்டும்.

தமிழ்ப் பெயர்ப்பலகை

எல்லா கேம் எஞ்சினும் (விளையாட்டை ஓட்டும் மென்பொருள்) நம் எழுத்தை ஒழுங்காகச் சேர்த்துக் காட்டுவதில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். பலகையைப் படமாகச் செய்து ஒட்டிவிடுங்கள். ஒட்டும் முன்னால் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

அந்தப் பையன் நேற்றுத் திருத்திய லெவலை அனுப்பியிருந்தான். தட்டைக் காணோம். மேசையையும் காணோம், அதன் பலகை பக்கத்து வீட்டுக் கதவில் ஒட்டுப்போட்டிருந்தது, அதில் சாம்பார் கறைகூட மங்கலாகத் தெரிந்தது. பாட்டி நாற்காலியைத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டார், ஒரு காலுக்குக் கயிறு கட்டி. ஒட்டுப்போட்ட கதவில் ஆணி மட்டும் நேற்று அடித்த மாதிரி பளபளக்கிறது. அதைச் சொல்லி ஒரு மெயில் போட்டிருக்கிறேன்.