ஒன்-டு-ஒன் உறவுல ‘கட்டாயம்’னு போட்டது எந்தப் பக்கம்? ஜாங்கோவில தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஊழியர்னா அவருக்கு ஒரு சம்பள விவரம் கண்டிப்பா இருக்கணும். ரெண்டு விவரம் இருக்கக் கூடாது, ஒண்ணுமே இல்லாமயும் போகக் கூடாது. இதை ஜாங்கோவில (பைத்தான்ல வெப் ஆப் எழுதுற ஃப்ரேம்வொர்க்) எழுதச் சொன்னா நம்ம கை தானா என்ன எழுதும்னா, சம்பளம் மாடல்ல (ஒரு டேபிளை விவரிக்கிற கிளாஸ்) ஊழியரைக் காட்டுற ஒரு ஒன்-டு-ஒன் ஃபீல்டு, அதாவது ஒண்ணுக்கு ஒண்ணுதான்ங்கிற உறவு, அதுல ‘நல்’ (காலி மதிப்பு) அனுமதி கிடையாது, அவ்ளோதான் வேலை முடிஞ்சுதுன்னு அடுத்த டிக்கெட்டுக்கு போயிடுவோம். நானும் அப்படித்தான் போனேன்.

அப்புறம் நடந்தது இது. ஒரு பேரோல் ப்ராஜெக்ட்ல புதுசா சேர்ந்த ஒரு பேட்ச் ஆளுங்களை எக்செல்ல இருந்து மொத்தமா ஏத்தினோம், எரர் எதுவும் வரல, ஊழியர் பட்டியல்ல எல்லார் பேரும் அழகா நிக்குது. மாசக் கடைசில சம்பள ரிப்போர்ட் எடுத்தா அந்த பேட்ச்ல ஒருத்தர் கூட இல்ல. சம்பளம் ஜீரோன்னு வந்திருந்தா கூட யாராவது பார்த்திருப்பாங்க, ஆனா ஆளே வரல. அக்கவுன்ட்ல காசு விழலைன்னு ஒருத்தர் போன் பண்ணின பிறகுதான் தேட ஆரம்பிச்சோம். அந்தத் தேடல்ல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல் தப்பு, பெரிய தப்பும் இதுதான்: ‘கட்டாயம்’ங்கிறது ரெண்டு பக்கமும் வேலை செய்யும்னு நம்புறது. ஒன்-டு-ஒன் ஃபீல்டுனா டேட்டாபேஸ் அளவுல அது யூனிக் (ஒரே மதிப்பு ரெண்டு தடவை வரக் கூடாது) போட்ட ஒரு ஃபாரின் கீ (இன்னொரு டேபிளோட ரெக்கார்டைக் காட்டுற ஃபீல்டு), அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. ஃபாரின் கீ எந்த டேபிள்ல உக்காந்திருக்கோ அந்த டேபிளுக்கு மட்டும்தான் அது காவல். ஊழியர் இல்லாம ஒரு சம்பள ரெக்கார்டு இருக்க முடியாது, சரி. ஒரே ஊழியருக்கு ரெண்டு சம்பள ரெக்கார்டு இருக்க முடியாது, அதுவும் சரி. ஆனா சம்பள ரெக்கார்டே இல்லாத ஊழியர்? தாராளமா இருக்கலாம், டேட்டாபேஸ் ஒரு வார்த்தை கேக்காது, ஏன்னா ஊழியர் டேபிள்ல அதைப் பத்தி எந்த விதியுமே எழுதலையே. இது ஜாங்கோவோட குறை இல்லீங்க. மைக்ரோசாஃப்ட் பக்கம் இருக்குற என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர்ல உறவை ரிக்வயர்டுன்னு போட்டாலும் இதே கதைதான், சார்ந்து இருக்குற பக்கத்துக்கு (இங்க சம்பளம்) தலைவர் (இங்க ஊழியர்) வேணும், ஆனா தலைவருக்கு சார்ந்தவர் வேணும்னு அர்த்தம் வராது.

இன்னொரு கொடுமை என்னன்னா இல்லாத ரெக்கார்டை ஜாங்கோ சில இடத்துல கத்திச் சொல்லும், சில இடத்துல வாயே திறக்காது. பைத்தான் கோடுல ஊழியர் பக்கத்துல இருந்து சம்பளத்தைத் தொட்டா எக்ஸெப்ஷன் வரும். அதையே டெம்ப்ளேட்ல எழுதினா அந்த எக்ஸெப்ஷன் அமைதியா முழுங்கப்பட்டு அந்த இடம் வெறும் காலியா தெரியும். சம்பளத் தொகை இவ்ளோக்கு மேலன்னு ஒரு ஃபில்டர் போட்டாலோ இன்னர் ஜாயின் (ரெண்டு டேபிள்லயும் இருக்குறதை மட்டும் எடுக்குறது) ஆயிடும், ரெக்கார்டு இல்லாதவங்க பட்டியல்ல இருந்தே காணாமப் போயிடுவாங்க. எங்க ரிப்போர்ட்ல நடந்தது இதுதான்.

சரி, அந்த பேட்சுக்கு மட்டும் ஏன் ரெக்கார்டு உருவாகல? சிக்னலை நம்பினதால. ஊழியர் சேவ் ஆனதும் போஸ்ட்-சேவ் சிக்னல் வந்து சம்பள ரெக்கார்டை உருவாக்கும்னு எழுதியிருந்தோம், யூசர்-புரொஃபைலுக்கு எல்லா டுடோரியல்லயும் சொல்லித் தர்ற அதே முறை. எக்செல்ல இருந்து ஏத்தினது பல்க் கிரியேட்ல, அதாவது எல்லாத்தையும் ஒரே வீச்சுல போடுற முறைல. பல்க் கிரியேட் ஒவ்வொரு ஆப்ஜெக்டோட சேவ் மெத்தடையும் கூப்பிடாது, போஸ்ட்-சேவ் சிக்னலும் அனுப்பாது, இது ஜாங்கோ டாக்குமென்டேஷன்லயே தெளிவா இருக்கு. டேட்டா மைக்ரேஷன்லயும் (டேபிள்ல ஏற்கனவே இருக்குற டேட்டாவை மாத்துற கோடு) இதே ஓட்டை உண்டு, அங்க கிடைக்கிறது மாடலோட பழைய கால நகல், நம்ம எழுதின சேவ் மெத்தட் அதுல இருக்காது, நிஜ மாடல் பேரைச் சொல்லி பதிவு பண்ணின சிக்னலும் அதுக்கு ஓடாது. ஃபிக்ஸ்சர் (டேட்டாவை எழுதி வச்ச ஃபைல்) லோட் பண்ணும்போது தலைகீழ் பிரச்சனை: சிக்னல் ஓடும், ‘ரா’ (raw, ஃபைல்ல இருந்து அப்படியே ஏறுது) அப்படிங்கிற குறிப்போட வரும், அதைப் பாக்காம விட்டா சிக்னல் ஒரு சம்பள ரெக்கார்டு போடும், ஃபைல்ல இருக்குறது இன்னொண்ணு போடும், யூனிக் இடிச்சு மொத்த லோடும் நிக்கும்.

அதனால நான் இப்ப சிக்னல் வைக்கிறதில்ல. ஊழியரை உருவாக்க ஒரே ஒரு ஃபங்ஷன், அதுக்குள்ள ட்ரான்சாக்ஷன் அட்டாமிக், அதுக்குள்ள ஊழியரும் சம்பளமும் சேர்ந்து, ஒண்ணு தவறினா ரெண்டும் வாபஸ். மொத்தமா ஏத்தணும்னா அதுக்கு இன்னொரு ஃபங்ஷன், ஊழியர் பல்க் கிரியேட், உடனே சம்பளம் பல்க் கிரியேட், ரெண்டும் ஒரே ட்ரான்சாக்ஷன்ல. ஊழியர் பிறக்குற வாசல் எத்தனைன்னு விரல் விட்டு எண்ண முடியணும், அட்மின் ஸ்கிரீனும் ஒரு வாசல்தான்ங்கிறதை மறந்துடாதீங்க. அங்க சம்பளத்தை இன்லைனா, அதாவது ஊழியர் ஃபார்முக்குள்ளயே, வச்சு, குறைஞ்சபட்ச எண்ணிக்கை ஒண்ணுன்னும் டெலீட் அனுமதி கிடையாதுன்னும் போட்டுட்டா காலி ஃபார்ம் தப்பிச்சு போகாது.

இந்த பக் வந்ததும் நிறைய பேர் பண்ற ‘தீர்வு’ ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லணும். படிக்கிற இடத்துல எல்லாம் கெட்-ஆர்-கிரியேட் போட்டுடுறது, இருந்தா எடு இல்லைன்னா ஜீரோ சம்பளத்தோட உருவாக்கிக்கோன்னு. எரர் போயிடும், ஆனா தப்பான டேட்டா சரியான டேட்டா மாதிரி உக்காந்துடும், இது முன்ன இருந்த நிலைமையை விட மோசம். கோடு முழுக்க ஹாஸ்-ஆட்டர் வச்சு ‘சம்பளம் இருக்கா’ன்னு கேட்டுக்கிட்டே போறதும் அதே ரகம். கட்டாயம்னு முடிவு பண்ணின ஒரு விஷயம் இல்லைன்னா சத்தம் வரட்டும்.

அடுத்து, ஃபீல்டை எந்தப் பக்கம் வைக்கிறதுங்கிற குழப்பம். என் வழி ரொம்ப நேரடியானது: எது முதல்ல பிறக்குது, எது இல்லாம எது அர்த்தமில்லாம போயிடும்? சம்பளம் இல்லாம ஊழியரை யோசிக்க முடியும், ஊழியர் இல்லாம சம்பளத்தை யோசிக்க முடியாது, அப்போ ஃபீல்டு சம்பளத்துலதான் இருக்கணும். சில பேர் அந்த ஃபீல்டையே ப்ரைமரி கீயாவும் (ரெக்கார்டோட அடையாள ஐடி) வச்சுடுவாங்க, அதுவும் நல்ல பழக்கம்தான், ரெண்டு டேபிளுக்கும் ஒரே ஐடி. ஜாவா பக்கம் ஹைபர்னேட்ல மேப்ஸ்-ஐடி பண்றது இதைத்தான்.

ரெண்டு பக்கமும் ஃபாரின் கீ வச்சு ரெண்டையும் கட்டாயமாக்கிடலாமேன்னு தோணும். முதல் ரெக்கார்டை எப்படி போடுவீங்க? அதுக்கு மத்தது வேணும், மத்ததுக்கு இது வேணும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல ஃபாரின் கீ சோதனையை கமிட் (ட்ரான்சாக்ஷன் முடிஞ்சு பதிவாகுற நேரம்) வரைக்கும் தள்ளி வைக்கலாம், ஜாங்கோ அங்க ஃபாரின் கீயை அப்படித்தான் உருவாக்குது, அதனால ஐடியை முன்னாடியே நம்மளே முடிவு பண்ணிட்டா சாத்தியம். மைஎஸ்கியூஎல்ல அந்த வசதியே கிடையாது. சாத்தியம்தான்னாலும் படிக்கிறவனுக்கு தலை சுத்தும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மைக்ரேஷன் சமயத்துல நடக்குற தப்பு தனி. ஏற்கனவே ரெக்கார்டு இருக்குற டேபிள்ல புதுசா ஒன்-டு-ஒன் சேர்த்தா மேக்-மைக்ரேஷன்ஸ் கமாண்ட் பழைய ரெக்கார்டுகளுக்கு ஒரு டீஃபால்ட் கேக்கும், அவசரத்துல ‘ஒண்ணு’ன்னு அடிச்சா எல்லா ரெக்கார்டுக்கும் அதே மதிப்பு போய் யூனிக்ல முட்டும். அதுக்கு பயந்து ‘நல்’ அனுமதிச்சுட்டு அப்புறம் மாத்திக்கலாம்னு விடுவோம், அந்த அப்புறம் வரவே வராது, யூனிக் போட்டிருந்தாலும் போஸ்ட்கிரெஸ் சாதாரணமா எத்தனை ‘நல்’ வேணாலும் அனுமதிக்கும். மூணு படியா பண்ணுங்க: ‘நல்’ அனுமதியோட சேர்க்கிறது, டேட்டா நிரப்புறது, அனுமதியை எடுக்கிறது. மூணு மைக்ரேஷனையும் ஒரே நாள்ல எழுதி வச்சுடுங்க.

அழிக்கிற விஷயத்துல ஆன்-டெலீட்டை (ஊழியரை அழிச்சா என்ன ஆகணும்ங்கிற அமைப்பு) புரொடெக்ட்னு போட்டா சம்பள ரெக்கார்டு பாதுகாப்பா இருக்கும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அது தடுக்கிறது ஊழியரை அழிக்கிறதை. சம்பள ரெக்கார்டை நேரா அழிச்சா புரொடெக்டும் தடுக்காது, கேஸ்கேடும் (சேர்த்து அழிக்கிற அமைப்பு) ஊழியரை கூட்டிட்டு போகாது, சம்பளம் இல்லாத ஊழியர் மறுபடி வந்துடுவார்.

வேகத்தைப் பத்தி சுருக்கமா: ஊழியர் பட்டியல்ல சம்பளம் காட்டணும்னா செலக்ட்-ரிலேட்டட் போடுங்க, ரெண்டையும் ஒரே குவெரில எடுக்கும், எதிர்ப்பக்கத்துல இருந்தும் அது வேலை செய்யும், இல்லைன்னா ஆளுக்கு ஒரு குவெரி. ஹைபர்னேட்காரங்களுக்கு இது இன்னும் தொந்தரவு, ஃபாரின் கீ இல்லாத பக்கத்துல லேசின்னு (தேவைப்படும்போது மட்டும் எடு) எழுதினாலும் பொதுவா உடனே குவெரி போயிடும், அந்தப் பக்கம் ரெக்கார்டு இருக்கா இல்லையான்னு பாக்காம அதுக்கு தெரியாதே.

இவ்ளோ மெனக்கெடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கோங்க, இது உண்மையிலேயே ரெண்டு டேபிளா? எப்பவும் சேர்ந்தே பிறந்து சேர்ந்தே அழியுற ரெண்டு விஷயத்தை ஒரே டேபிள்ல வச்சா ‘நல்’ இல்லாத சாதாரண ஃபீல்டுகளே ரெண்டு பக்கக் கட்டாயத்தையும் டேட்டாபேஸ் அளவுல காத்துடும். சம்பளத்தை யார் பாக்கலாம்ங்கிற அனுமதி தனியா வேணும், இல்ல ஊழியர் மாடல் நம்ம கையில இல்லாத வேற பேக்கேஜ்ல இருக்குன்னா பிரிக்கிறதுக்கு நியாயம் இருக்கு. எங்களுக்கு முதல் காரணம் இருந்ததால பிரிச்சே வச்சிருக்கோம்.

பிரிச்சு வச்சதால ஒரு காவலும் போட்டிருக்கோம். சம்பள ரெக்கார்டே இல்லாத ஊழியர் எத்தனைன்னு ஒரு குவெரி தினம் ராத்திரி ஓடுது, பதில் ஜீரோ இல்லைன்னா காலையில எல்லாருக்கும் மெயில் போகும். போஸ்ட்கிரெஸ்ல கமிட் நேரத்துல சோதிக்கிற கன்ஸ்ட்ரெய்ன்ட் ட்ரிகர் எழுதி டேட்டாபேஸையே மறுக்க வைக்கவும் முடியும். பேரோல் மாதிரி ஒரு வேலைக்கு அது தகும், அடுத்த ரிலீஸ்ல அதையும் சேர்க்கிறோம்.